தட்ட ஒருவர், வரவேற்க ஒருவர்

"தனியாளா இருக்கிறவன் வீட்டுக்கு வசந்தம் எப்படி வரும்?" என்று கேட்டான் கோல்மன்.

எத்னா நிமிரவில்லை.

"கேள்வி அப்புறம். முதல்ல காலைப் பிடிங்க."

கோல்மன் திகைத்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு முப்பதுகூட நிறைந்திருக்காது. ஆனால் கேட்க வந்தவன் அவன். தொப்பியைக் கழற்றினான். ஈரத் தரையில் மண்டியிடக் குனிந்தான்.

"என் காலை இல்ல," என்றாள். "ஆட்டுக் காலை. உதைக்குது பாருங்க."

அவன் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டான்.

எத்னா மடியை ஒருமுறை அழுத்தினாள். ஒரே ஒரு சொட்டு வந்தது. மஞ்சளாக, பிசினைப் போலக் கெட்டியாக. விரல் நுனியில் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"குட்டிக்கு இன்னும் நாலு நாள்," என்றாள் ஆட்டிடம்.

கோல்மன் காத்திருந்தான்.

*

இது அயர்லாந்தின் மேற்குக் கரையில் நடந்தது. எந்தக் காலம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. கடிகாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திராத காலம்.

அங்கே ஆண்டு என்பது நாலு வாசல் வைத்த வீடு. சவின் என்ற வாசலில் குளிர் உள்ளே வரும். பெல்ட்டின் என்ற வாசலில் வெயில் வரும். லூனசா வாசலில் அறுப்பு.

நாலாவது வாசல் இம்போல்க். நம் கணக்குக்குத் தை மாதம் பாதி தாண்டிய நேரம்.

அந்த நாளில் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மரங்கள் மொட்டையாக நிற்கும். மண் கல்லாக இறுகிக் கிடக்கும். ஆனால் ஆடுகளுக்கு மடி இறங்கியிருக்கும். இம்போல்க் என்றால் வயிற்றுக்குள் என்று அர்த்தம் என்பார்கள் அவர்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வசந்தத்தை வீட்டுக்குள் அழைக்க வேண்டும்.

வசந்தத்துக்கு அங்கே பிரிஜித் என்று பெயர். அவள் பெண். தட்டாமல் வரமாட்டாள், கூப்பிடாமல் நுழையமாட்டாள்.

ஆகவே வீட்டில் ஒருத்தி கோரைக்கட்டோடு வெளியே போய் நிற்பாள். கதவு சாத்தப்படும். அவள் மூன்று தட்டு தட்டுவாள்.

"மண்டி போடுங்க, கண்ணைத் திறங்க, பிரிஜித்தை உள்ளே விடுங்க!"

உள்ளே இருப்பவர்கள் மண்டியிட்டு மூன்று முறை சொல்ல வேண்டும்: "வா தாயே, வா தாயே, வா தாயே!"

அப்புறம்தான் கதவைத் திறக்கலாம்.

தட்ட ஒருவர், வரவேற்க ஒருவர். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

கோல்மனின் மனைவி மூர்னா போன சவின் அன்று செத்துப்போனாள்.

*

எத்னாவை ஊரில் தணல்காரி என்பார்கள்.

மலைமேல் ஒரு கல்குடில். அதில் அணையாத நெருப்பு. அதைக் காப்பவள் அவள். கைக்குழந்தையாக இருந்தபோதே யாரோ அவளை அங்கே விட்டுப் போனார்கள். அவளை வளர்த்த பழைய தணல்காரி வாழ்நாள் முழுக்கப் பேசாநோன்பு இருந்தவள். ஆகவே எத்னா, தணல் வாங்க வருகிற ஊராரிடமிருந்துதான் பேச்சுக் கற்றாள். அவள் பேச்சில் ஒன்பது வீட்டு வசவும் கலந்திருக்கும்.

வசவு வாங்கினாலும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். காணாமல் போன பசுவுக்கும் வருவார்கள், தூங்காத குழந்தைக்கும் வருவார்கள். நெருப்போடு விழித்திருக்கிறவர்களுக்கு மற்றவர்களுக்குத் தெரியாத சிலது தெரியும்.

அன்று தணல் நாள். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து ஒரு சட்டி கங்கு வாங்கிப் போக வேண்டும்.

கோல்மன் சட்டி கொண்டு வரவில்லை.

"அடடே, கோல்மன் அண்ணனா!"

கிரானியாவின் குரல் அவளுக்கு முன்னால் மேடேறி வந்தது. கோல்மனுக்கு அடுத்த வீட்டுக்காரி. மூச்சிரைக்கச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"சட்டி எங்கே? கங்கை மடியில கட்டிக்கிட்டுப் போகப் போறியா?"

"நான் தணலுக்கு வரல."

"பின்ன? தணல்காரி முகத்தைப் பார்க்கவா? அதைப் பார்த்தா பால் திரிஞ்சிடுமே."

"உன் சத்தத்தைக் கேட்டு என் ஆடு பாலையே உள்ளே இழுத்துக்கிச்சு," என்றாள் எத்னா. "சட்டியைக் கொடு."

கிரானியா சிரித்தாள். கோல்மன் சிரிக்கவில்லை. கிரானியா அதைக் கவனித்தாள்.

"இன்னைக்குச் சாயங்காலத்தை நினைச்சுத்தானே இப்படி நிக்கிற? நான்தான் சொன்னேனே. என் பெரிய பொண்ணை அனுப்பறேன். மூணு தட்டு தட்டிட்டு வந்துடுவா."

"வேணாம்."

"ஏன், அவ கை என்ன மரக்கட்டையா?"

"தட்டுறவங்க அந்த வீட்டு ஆளா இருக்கணும்."

"அப்ப நீயே வெளியே நின்னு தட்டு, நீயே உள்ளே ஓடி வந்து கூப்பிடு. கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காலை வச்சுக்கோ!"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதே அண்ணே. மூர்னா இருந்தா இதைவிட மோசமாப் பேசியிருப்பா. நான் அடங்கிப் போயிருப்பேன். இப்போ என்னை அடக்க ஆள் இல்ல."

எத்னா கங்கைச் சட்டியில் போட்டு மேலே சாம்பலை மூடிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் இறங்கி வந்துடு," என்றாள் கிரானியா போகிறபோது. "பொழுது சாயறப்போ வீட்டு ஆளுங்க வீட்டுல இருக்கணும். ஒரு தலை குறையக் கூடாது. தெரியும்ல?"

அவள் போய் வெகுநேரம் வரை அவள் குரல் மலைச்சரிவில் இருந்தது. வழியில் யாரையோ திட்டிக்கொண்டு போனாள்.

*

"வைக்கோல் பாதி இருக்கா?" என்று கேட்டாள் எத்னா.

இம்போல்க் சமயத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. இன்றைக்கு வைக்கோலில் பாதி மிச்சமிருந்தால் மாடுகள் பிழைக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புல் முளைப்பதற்குள் பட்டினி.

"முக்கால்வாசி இருக்கு."

எத்னா இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படி?"

"பசுவை எல்லாம் கிரானியா வீட்டுக்கு ஓட்டி விட்டுட்டேன். ஆடு மட்டும்தான். அதையும் நாளைக்குக் கொடுத்துடுவேன்."

"நாளைக்கா?"

"மூட்டை கட்டி வச்சிருக்கேன். தெற்கே தங்கச்சி வீடு இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் வசந்தம் என் வீட்டுக்கு வரலைன்னா, விடிஞ்சதும் கதவைச் சாத்திட்டுக் கிளம்பிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"வந்தா?"

"வந்தா இருப்பேன்."

காற்று திசை மாறி வீசியது. குடிலின் புகை இருவர் முகத்திலும் அடித்தது. எத்னா கண்ணைக் கசக்கவில்லை. அவளுக்குப் பழக்கம்.

"உங்க வீட்டுல இதுவரைக்கும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

கோல்மன் பக்கத்தில் இருந்த கல்லின்மேல் உட்கார்ந்தான்.

இருபத்தாறு வருஷம். முதல் வருஷம் கல்யாணமாகி மூன்றே மாதம். மூர்னா வெளியே போய்த் தட்டினாள். அவன் உள்ளே மண்டியிட்டு, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி தட்டினாள்.

"யாரது?" என்று கேட்டான் அவன்.

"உன் மாமியார்! திறடா, விறைச்சுப் போயிட்டேன்!"

அதற்கு அப்புறம் அது அவர்கள் வீட்டு வழக்கமே ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அவன் தாமதிப்பான். ஒவ்வொரு வருஷமும் அவள் புதிதாக ஒரு ஆளாக வருவாள். ஒரு வருஷம் ராஜா அனுப்பிய வீரன். ஒரு வருஷம் காணாமல் போன பன்றி. பன்றி போலவே உறுமிக் காட்டினாள். அவன் மண்டியிட்டபடியே சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டான். வரவேற்கவே முடியவில்லை. அவள் வெளியே நின்று கதவை உதைத்தாள்.

கடைசியில் எப்படியும் மூன்று முறை சொல்லிவிடுவான். வா தாயே, வா தாயே, வா தாயே.

கதவு திறந்ததும் அவள் உடம்போடு ஒரு குளிர் உள்ளே வரும். தலையில் பனித்துளி இருக்கும். கோரையின் பச்சை வாசனை வீடெங்கும் ஏறும். ரொட்டியும் புது வெண்ணெயும் மேசையில் இருக்கும். பிள்ளை இல்லாத வீடு. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலம் வீடு கொள்ளாத ஆட்கள் இருப்பதுபோல இருக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஆட்டின் கால் இன்னும் கோல்மன் கையிலேயே இருந்தது. ஆடு பொறுமையாக நின்றது.

"விடுங்க, பாவம்," என்றாள் எத்னா.

விட்டான்.

"போன வருஷம்?"

கோல்மன் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

எத்னா மறுபடி கேட்கவில்லை. இன்னும் இருவர் வந்து தணல் வாங்கிக்கொண்டு போனார்கள். வெயில் என்று பேருக்கு இருந்ததும் கடல் பக்கம் சரியத் தொடங்கியது.

"போன வருஷம் ஆலங்கட்டி மழை," என்றான் கோல்மன் கடைசியில். "சதுப்புல ஒரு ஆடு சிக்கிக்கிச்சு. நாள் பூரா இழுத்தேன். செத்துத்தான் வெளியே வந்துச்சு. இடுப்பு வரைக்கும் சேறு. வீட்டுக்கு வந்து அப்பத்தான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தேன். அவ கோரையை எடுத்துக்கிட்டு வெளியே போனா."

"ம்."

"தட்டினா. சொல்ல வேண்டியதைச் சொன்னா."

"ம்."

"நான் எழுந்திருக்கல. மண்டி போடல. 'கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிக்கிட்டு வா'ன்னு சொன்னேன்."

எத்னா கையில் இருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தாளா?"

"கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் தள்ளிக்கிட்டு வந்தா."

"கோபப்பட்டாளா?"

"இல்ல. கோரையை மேசைக்கு அடியில வச்சா. ரொட்டி எடுத்து வச்சா. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வேணுமான்னு கேட்டா."

"வேணும்னீங்களா?"

"வேணும்னேன்."

*

"போன வருஷம் புல் முளைச்சுதா?" என்று கேட்டாள் எத்னா.

"முளைச்சுது."

"ஆடு குட்டி போட்டுச்சா?"

"இருபத்திரண்டு."

"அவ சிரிச்சாளா?"

கோல்மன் யோசித்தான். பெல்ட்டின் சமயத்தில் ஒரு கன்றுக்குட்டி மூர்னாவின் சால்வையைப் பாதி மென்று விழுங்கிவிட்டது. அவள் மறுமுனையைப் பிடித்து இழுத்தபடி களம் முழுக்க ஓடினாள். கிரானியா வேலிமேல் ஏறி நின்று கை தட்டினாள்.

"சிரிச்சா," என்றான்.

"அப்ப வந்திருக்குதானே?"

"வந்துச்சு. கூப்பிடாம வந்துச்சு." அவன் குரல் உயர்ந்தது. "கூப்பிடாத வீட்டுல யாரு எத்தனை நாள் தங்குவாங்க, சொல்லுங்க? கொஞ்ச நாள் பார்த்துச்சு. சவின் வந்ததும் போயிடுச்சு."

எத்னா ஆட்டைக் கொட்டகைப் பக்கம் விரட்டிவிட்டாள்.

"இந்த வருஷம் நான் கூப்பிடத் தயாரா இருக்கேன். மண்டி போட்டு, தரையில விழுந்துகூடக் கூப்பிடுவேன். ஆனா தட்ட ஆள் இல்ல. நான் தட்டினா கூப்பிட ஆள் இல்ல. ஒரே ஆளு கதவுக்கு வெளியேயும் உள்ளேயும் எப்படி நிக்கிறது? அதைத்தான் கேட்க வந்தேன். அதை மட்டும் சொல்லுங்க அம்மா. மத்தது எதுவும் வேணாம்."

"எனக்குத் தெரியாது," என்றாள் எத்னா.

"என்னது?"

"தெரியாது."

"காணாம போன மாடு எங்கே நிக்குதுன்னு தெரியும். பிள்ளை எதுக்கு அழுதுன்னு தெரியும். இது தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

மேற்கே பார்த்தாள். சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருந்தது.

"பொழுது இறங்கிடுச்சு. இன்னைக்குச் சாயங்காலம் நெருப்பை விட்டுட்டு நான் வெளியே கால் வைக்கக் கூடாது. வழக்கம்."

எழுந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

கோல்மன் வாய் பிளந்து நின்றான்.

"ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போங்கம்மா!" என்று கத்தினான்.

உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

*

மலையிறங்கும்போது அவன் தணல்காரியைத் திட்டினான். மூட்டையை நினைத்தான். தெற்கே போகிற வழியை நினைத்தான். ஆற்றங்கரை வந்ததும் கால் தானாக நின்றது.

கோரை அங்கேதான் வளர்ந்திருந்தது.

அதை அரிவாளால் அறுக்கக் கூடாது. கையால்தான் பிடுங்க வேண்டும். கோல்மன் ஒரு வருஷமும் பிடுங்கியதில்லை. அது மூர்னாவின் வேலை.

குனிந்து ஒரு பிடி பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். வந்தது. விரலிடுக்கில் தோல் கிழிந்து எரிந்தது.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் அவள் விரல்களில் கீறல் இருக்கும். என்ன இது என்று ஒருமுறை கேட்டிருக்கிறான்.

"பூனை பிறாண்டிடுச்சு."

"நம்ம வீட்டுல பூனை ஏது?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றாள்.

ஒரு கட்டு சேர்வதற்குள் அவன் கால் மரத்துவிட்டது. தண்ணீர் செருப்புக்குள் புகுந்துவிட்டது. கோரைக்கட்டைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கதவு சாத்தியிருந்தது. காலையில் அவனே சாத்தியது.

அந்தக் கதவை அந்த நேரத்தில் அவன் வெளியே நின்று பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷமும் உள்ளேதான் இருந்திருக்கிறான். உள்ளேயிருந்து பார்த்தால் அது ஒரு மரக்கதவு. வெளியே நின்று பார்த்தால் வேறு ஏதோவாக இருந்தது.

மூன்று முறை தட்டினான்.

"மண்டி போடுங்க," என்றான். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். "மண்டி போடுங்க, கண்ணைத் திறங்க, பிரிஜித்தை உள்ளே விடுங்க."

நின்றான்.

காற்று முதுகில் நுழைந்து நெஞ்சு வழியாக வெளியே போவதுபோல் இருந்தது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான். கட்டைத் தோள் மாற்றினான். உள்ளே எலி ஓடுகிற சத்தம்கூட இல்லை.

இவ்வளவு நேரமா?

உள்ளே மண்டியிட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அது ஒரு மூச்சு நேரம். இங்கே நின்றவளுக்கு இவ்வளவு நேரம். இவ்வளவு நேரமும் நின்று, அடுத்த வருஷத்துக்கு யாராக வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன வருஷம் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் இருந்தது எவ்வளவு நேரம்?

அவன் கதவைத் தள்ளவில்லை. தள்ளினால் திறந்துகொள்ளும். அவனுக்கே தெரியும். கை போகவில்லை.

*

பள்ளத்தாக்கில் தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முதலில் கிரானியா வீடு. அவள் பெண்ணின் குரல். உடனே உள்ளேயிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழுந்தன. "வா தாயே! வா தாயே! வா தாயே!" கடைசியில் கிரானியா மட்டும் தனியாக ஒரு முறை கூடுதலாகக் கத்தினாள். அவளுக்கு மூன்று போதாது.

அப்புறம் ஆற்றங்கரை வீடு. அப்புறம் கொல்லன் வீடு. அங்கே தாத்தா ஒருவர் மண்டியிட முடியாமல் திட்டுவதும் எல்லோரும் சிரிப்பதும் கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்தது. பிறகு மூடிக்கொண்டது.

எட்டு வீடுகள். ஒன்பதாவது அவனுடையது. இருட்டு.

பாதையில் யாரும் இல்லை. இந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் யாரோ ஒருவர் வீட்டுக்குள் இருப்பார்கள். தான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். முதலில் அம்மா வீட்டில். பிறகு மூர்னாவோடு. இந்த நேரத்தில் வெளியே நின்று ஊரைப் பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

மலைமேல் ஒரு வெளிச்சம் இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அங்கே தட்டும் சத்தம் கேட்கவில்லை. காத்திருந்தான். கேட்கவில்லை.

அந்தக் குடிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மத்தியானம் அத்தனை பேர் ஏறி இறங்கிய பாதை. இப்போது அதில் ஒரு நிழலும் அசையவில்லை. நெருப்பை விட்டு அவள் வெளியே வரக் கூடாது. ஊரில் எந்த வீட்டிலும் ஒரு தலை குறையக் கூடாது.

ஏறக்குறைய முப்பது வருஷம், இந்தச் சாயங்காலத்தில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

"அட, பாவி மனுஷங்களா," என்றான் கோல்மன். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னான்.

கோரைக்கட்டை எடுத்துத் தோளில் போட்டான்.

*

ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கதவின் கீழ் இடுக்கில் தணலின் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

மூன்று முறை தட்டினான்.

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது. பாத்திரமாக இருக்கும்.

"யாரு?"

எப்போதும் கேட்கிற குரல் இல்லை அது.

"கோல்மன்."

"என்னாச்சு? யாருக்காவது உடம்புக்கா?"

"இல்ல."

"கங்கு வாங்க வந்தீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன இந்த நேரத்துல..." குரல் பாதியில் நின்றது.

கோல்மன் கோரைக்கட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டான். நிமிர்ந்து நின்றான்.

"மண்டி போடுங்க," என்றான். இந்த முறை குரல் எழும்பியது. "கண்ணைத் திறங்க. பிரிஜித்தை உள்ளே விடுங்க!"

பதில் இல்லை.

ஆடு ஒன்று கொட்டகையில் ஒருமுறை கத்தியது. கீழே பள்ளத்தாக்கில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள்.

பதில் இல்லை.

விளையாடுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு தரையில் துணி உரசும் சத்தம் கேட்டது. முழங்கால் கல்லில் படுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு மிக அருகில், தரையோடு தரையாக, சின்னப் பெண் ஒருத்தி கேட்பதுபோல ஒரு குரல் வந்தது.

"கோல்மன்... இதுக்கு உள்ளேயிருந்து என்ன சொல்லணும்?"

அவன் கதவருகே குனிந்தான். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டான்.

"வா தாயேன்னு சொல்லணும்மா," என்றான். "மூணு தடவை. மனசாரச் சொல்லணும். இப்படி. வா தாயே..."

குரல் உடைந்தது. விட்டுவிடவில்லை.

"வா தாயே..."

மூன்றாவது, உள்ளேயிருந்து வந்தது.